நான் நம்பாத பாஸ்வேர்டு

தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று வருடம் சரியாக நினைவில்லை. இடவப்பாதி என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முழங்கால்வரை சேற்றோடுதான் அலுவலகப் படி ஏறினேன். அமரவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு மேசை, ஓர் அலமாரி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கம்ப்யூட்டர், மரம் அறுப்பதுபோல் சத்தம் போடும் ஒரு பிரிண்டர். அவ்வளவுதான்.

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லைப்பக்கத்து ஊர்களில் கண் முகாம் நடத்தும் ஒரு சின்னச் சங்கம் அது. பாறசாலை, குன்னத்துகால், பெருங்கடவிளைச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களிலும் சர்ச் ஹால்களிலும் முகாம் போட்டு, கண்புரை விழுந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் திருவனந்தபுரத்திலிருந்து ஆஸ்பத்திரி பஸ் வரும். பட்டியலில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போய், இலவசமாக ஆபரேஷன் செய்து, நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடும். யாருக்கு எந்தக் கண், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் எந்த ஊர், எந்த வீடு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நெய்யாற்றின்கரையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு முடித்திருந்தேன். எங்கள் குன்னத்துகால் பக்கத்தில் "கம்ப்யூட்டர் தெரிந்த பெண்பிள்ளை" என்று என்னைக் காட்டிச் சொல்வார்கள். அந்தப் பெருமை தலையில் கொஞ்சம் ஏறியும் இருந்தது.

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பே நின்றுவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கீபோர்டில் தூசியும் எறும்பும் குடியிருந்தன. போன உடனே பொத்தான்களைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, திரும்ப மாட்டி, பிளாஸ்டிக் உறையைத் துவைத்துக் காயப்போட்டேன். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் அவர் 'சார்'. மேசை டிராயரைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அவ எழுதி வச்சிட்டுப் போன பாஸ்வேர்டு இதாக்கும். அடுத்த திங்கட்கிழம பஸ் வரும். அதுக்கு மின்ன எல்லாருக்கும் கார்டு போணும், கேட்டியா?"

காகிதத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். காழ்ச்ச. மலையாளத்தில் பார்வை என்று பொருள். கே, ஏ, ஏ, இசட், எச், சி, எச், ஏ. கீழே 'எல்லாம் சின்ன எழுத்து' என்று ஒரு குறிப்பு. கண் முகாமுக்குப் பொருத்தமான பாஸ்வேர்டுதான் என்று நினைத்துக்கொண்டு, ஃபைலைத் திறந்து, கேட்ட இடத்தில் அடித்தேன்.

'டிங்' என்று ஒரு சத்தம். பாஸ்வேர்டு செல்லாது என்று வந்தது.

அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப அடித்தேன். டிங். பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. திரும்ப அடித்தேன். டிங். கம்ப்யூட்டரை அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு, திரும்பப் போட்டு அடித்தேன். டிங்.

அந்த டிங் சத்தம் இருக்கிறதே, முதல் ஐந்து தடவை ஒன்றும் தோன்றாது. ஐம்பது தடவை கேட்டுப் பாருங்கள். கன்னத்தில் யாரோ சுண்டுவதுபோல் இருக்கும்.

அன்று முழுக்க எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டினேன். இந்த 'ழ' இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு 'ஏ' போட்டுப் பார்த்தேன், இரண்டு போட்டேன், மூன்று போட்டேன். 'எச்' எழுத்தை எடுத்தேன், சேர்த்தேன். இசட்டுக்குப் பதில் எல் போட்டேன், ஆர் போட்டேன். அந்த அக்கா அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்று எல்லா வழியிலும் அடித்து, அடித்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு பக்கம் நிறைந்தது. இரண்டு பக்கமும் டிங்.

"பேப்பர் ஃபாரம் ஒக்க எங்க சார்?" என்று கேட்டேன். முகாமில் கையால் எழுதிய படிவங்கள் இருந்தால் பாஸ்வேர்டு எதற்கு? சார் என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே மண் மண்ணாக ஏதோ இருந்தது. கறையான் தின்று முடித்திருந்தது.

"எல்லாம் கம்ப்யூட்டரில ஏத்தியாச்சுல்லா, பின்ன எதுக்குண்ணு நான் அந்தப் பெட்டிய பாக்கல" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சேர்ந்த முதல் நாள் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஓர் அம்மா வந்தார்கள். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். குடையை ஊன்றுகோலாகத் தட்டித் தட்டி மாடிப்படி ஏறி வந்தார்கள். இரண்டு கண்ணிலும் பால் படிந்த மாதிரி வெள்ளை. முந்திரித் தொழிற்சாலையில் பருப்பு தோலுரிக்கும் வேலை. பருப்பு எது, தோல் எது என்று தெரியாமல் உடைத்துப் போடுகிறாய் என்று சூப்பர்வைசர் நிறுத்திவிட்டாராம்.

"எனக்க பேரு வந்துதா மக்களே?" என்று என் குரல் வந்த திசையைப் பார்த்துக் கேட்டார்கள்.

"லிஸ்டு இன்னும் எடுக்கல அம்மா."

"பஸ்ஸு எண்ணைக்கு வருண்ணாவது சொல்லு மக்களே. மின்ன ஒரு தடவ இப்பிடித்தான், கார்டு வரல, பஸ்ஸு வந்துட்டு போச்சு."

என் பாஸ்வேர்டு கதையை அவர்களிடம் எப்படிச் சொல்வது? சார் குறுக்கே வந்து, அவர்கள் பெயரையும் ஊரையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எந்தக் கண், சர்க்கரை எவ்வளவு என்ற விவரமில்லாமல் யாரையும் ஏற்ற மாட்டார்கள் என்பது சாருக்கே தெரியும். அந்த அம்மா புதன்கிழமையும் வந்தார்கள், வியாழக்கிழமையும் வந்தார்கள். படியில் குடை தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். வியாழக்கிழமை அவர்களிடமே சத்தம் போட்டுவிட்டேன். "தினமும் வந்து கேட்டா நான் என்ன செய்யட்டும்? எனக்க கையிலயா இருக்கு?" அவர்கள் குடையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

இதற்கு நடுவே புதன்கிழமை நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். கம்ப்யூட்டரைத் தெரிந்தவர் என்று பெயர். வந்தார், டீ குடித்தார், திரையில் இருந்ததை வாசித்தார், ஓர் எழுத்துகூட அடித்துப் பார்க்காமல் "ஃபார்மேட் செய்யலாம்" என்றார்.

"ஃபார்மேட் செய்தா ஃபைலு?"

"ஃபைல் போகும். ஆனா பாஸ்வேர்டு கேக்காது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். திருவனந்தபுரத்தில் பாஸ்வேர்டை உடைக்கும் மென்பொருள் வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார், ஃபைலைக் கொண்டுபோனால் போதும் என்று. ஃபைலை எதில் கொண்டுபோவது? அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஃபிளாப்பி மட்டும். ஃபைல் அதைப்போல நாலு மடங்கு பெரிது. அப்படியென்றால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். வெளிநாட்டு அன்பர்கள் கொடுத்த கம்ப்யூட்டரை மழையில் பஸ்ஸில் ஏற்றுவதா என்று சார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மெக்கானிக் இன்னொரு டீ குடித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சார் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அவ வேணும்ண்ணு மாத்தி எழுதி வச்சிருக்கா. எனக்கு அப்பமே சம்சயம் உண்டு."

அந்த அக்கா கர்ப்பமாகி, உடம்புக்கு முடியாமல் திடீரென்று வேலையை விட்டிருக்கிறார். ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று சாருக்குக் கோபம். இரண்டு வருடம் வேலை பார்த்ததற்கு ஓர் அனுபவச் சான்றிதழ் கேட்டபோது கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் பழிவாங்கிவிட்டார் என்பது சாரின் கணக்கு. நானும் உடனே நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், அதை நம்பினால் நான் நாலு நாளாகத் தோற்றுக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் படித்தவளுக்கு ஒரு ஃபைலைத் திறக்கத் தெரியவில்லை என்பதைவிட, எவளோ ஒருத்தி பொய் எழுதி வைத்துவிட்டாள் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்து அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பெருங்கடவிளையில் இறங்கி ரப்பர் தோட்டத்து வழியே அரை மணி நேரம் நடை. குடை இருந்தும் பாதி நனைந்துவிட்டேன். போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் சூடேற்றிக்கொண்டேன்.

வாசலில் அக்காவின் மாமியார் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே இருந்து வந்தார். ஏழு மாதம் இருக்கும். முகம் வெளிறி, கால் வீங்கி இருந்தது. நான் யார் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே "வா, கேறி இரி" என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, சாரு மேல உங்களுக்குக் கோவம் உண்டெங்கில் அத சாரிட்ட காட்டணும். கண்ணு தெரியாத அம்பது அறுவது பேருகிட்ட காட்டப்பிடாது. தப்பான பாஸ்வேர்டு எழுதி வச்சா நான் என்ன செய்யட்டும்?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "நான் எழுதினது செரியாக்கும். எட்டு எழுத்து. ஒக்க சின்ன எழுத்து."

"நாலு நாளா அடிக்கேன். நான் ஒண்ணும் மடச்சி இல்ல. எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும்."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்கள். "என்ன காரியம்?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் முழுவதையும் சொன்னேன். சார் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். மாமியார் அக்காவைப் பார்த்து, "ஒரு ஜோலிய விட்டா மரியாதயா விடப்பிடாதா? நாலு பேருக்க சாபம் எதுக்கு, வயித்துல பிள்ளய வச்சிட்டு?" என்றார்கள்.

அக்கா உள்ளே போனார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சேலை மாற்றி, கையில் குடையோடு வெளியே வந்தார்.

"நட. நானே வந்து அடிச்சுக் காட்டுதேன்."

அந்த நிலைமையில் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரட்டும், வந்து மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. திரும்ப ரப்பர் தோட்டத்து வழி, பஸ், நெய்யாற்றின்கரையில் இறங்கி இன்னொரு பஸ்.

மாடி ஏறி வந்ததும் சார் அவரைப் பார்த்து "வந்தாச்சா" என்றார். அவ்வளவுதான். அக்கா நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பாஸ்வேர்டை அடித்தார்.

டிங்.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த திருப்தியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஃபைல் திறக்கவில்லையே என்ற கவலைகூட இல்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற நிறைவு.

அக்கா பதறவில்லை. கையைப் பின்னால் எடுத்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்த்து அடித்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாது, எழுத்துக்கு ஒன்றாக நட்சத்திரம்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கே, ஒரு நட்சத்திரம். ஏ, இரண்டு. ஏ, மூன்று. அடுத்த பொத்தானைத் தட்டினார். மூன்றுதான். திரும்பத் தட்டினார். மூன்றேதான்.

"இசட்டு விழல்ல" என்றார்.

நாலு நாள், நூறு தடவைக்குமேல் அடித்திருப்பேன். ஒரு தடவைகூட அந்த நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. எட்டு எழுத்துக்கு ஏழு நட்சத்திரம். நான் வேகமாக அடிப்பவள். அடித்து, என்டரைத் தட்டி, டிங் சத்தத்தைக் கேட்டு, திட்டிவிட்டு, திரும்ப அடிப்பேன். அந்த நாலு நாளும் வேறு வேலையில் அந்த எழுத்து ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

அக்கா சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தப் பொத்தானை நெம்பி எடுத்தார். மற்றப் பொத்தான்களின் அடியில் எல்லாம் சட்டைப் பட்டன் அளவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும். இதன் அடியில் இல்லை. வெறும் குழி.

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் நான் கழற்றித் துடைத்தபோது விழுந்திருக்கிறது. அழுக்குப் பஞ்சோடு சேர்த்து நானே குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன்.

அக்கா மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து அதன் பின்பக்கத்தால் அந்தக் குழிக்குள் அழுத்தினார். நாலாவது நட்சத்திரம் விழுந்தது. மீதியையும் அடித்தார். ஃபைல் திறந்தது. பெயர், ஊர், கண், சர்க்கரை, பிரஷர் என்று வரிசை வரிசையாகத் திரை நிறைந்தது.

"போறதுக்கு மின்ன இதையும் ஒடச்சு வச்சிட்டா போனே?" என்றார் சார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டே வார்த்தை. "நான்தான் சார்." வரவில்லை. சேர்ந்து அஞ்சே நாள், இந்த வேலையும் போய்விடும், ஊரில் என்ன சொல்வார்கள் என்று என்னென்னவோ ஓடியது. தலையைக் குனிந்துகொண்டு பிரிண்டரில் காகிதம் மாட்டினேன்.

அக்கா அந்தக் கீபோர்டை ஒரு தடவை கையால் தடவினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா தொடச்சு வச்சிருக்கியே பிள்ளே. பளபளண்ணு இருக்கு."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் பஸ் ஸ்டாப்வரைகூட உடன் போகவில்லை. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டுப் பெயர். இனிக் கார்டு போட்டால் தபால் போய்ச் சேராது. ஊர்வாரியாகப் பிரித்து அச்செடுத்தோம். சார் பழைய மாணவர்களை எல்லாம் பிடித்து ஆளுக்கொரு ஊரைக் கொடுத்தார். சனிக்கிழமை கோயில் மைக்கிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் பெயர்களை வாசித்தார்கள். திங்கட்கிழமை காலை கொட்டும் மழையில் ஐம்பத்தைந்து பேர் வந்துவிட்டார்கள். முந்திரித் தொழிற்சாலை அம்மாவை நானே கைபிடித்து பஸ்ஸில் ஏற்றினேன்.

பஸ் போனதும் சார் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். "அவ என்ன செய்தாலும் நாம நடத்திக் காட்டியாச்சு" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா ஒண்ணும் செய்யல்ல சார். கீபோர்ட கழட்டித் தொடச்சது நான். அந்த ரப்பர கூட்டி வெளிய போட்டதும் நான்தான்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அப்ப நான் அவள சொன்னதெல்லாம்?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

"நானும்தான் சொன்னேன் சார். அவுங்க மாமியாருக்க முன்னால வச்சு சொன்னேன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அந்த சர்ட்டிபிக்கட்ட அடிச்சுக் கொண்டு வா." அனுபவச் சான்றிதழை அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். 'வேலை திருப்திகரமாக இருந்தது' என்று நான் அடித்திருந்த வரியைப் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் சிவப்பு மையால் கோடு போட்டு, மேலே 'மிகவும் நேர்மையாகவும் கவனமாகவும் பணியாற்றினார்' என்று எழுதினார். "இத மாத்தி அடி" என்றார். புதுக் கீபோர்டு இன்னும் வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டே அடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க இந்தத் தடவையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது, மாமியாரிடம் எப்படித் தொடங்குவது என்று.

மாமியாரிடம்தான் முதலில் சொன்னேன். அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அண்ணைக்கே நெனச்சேன், எனக்க மருமக அப்பிடிச் செய்ய மாட்டாண்ணு" என்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மாமியார் பால் விடாத கட்டன்சாயா போட எழுந்து போனார்கள்.

அக்கா சான்றிதழை இரண்டு தடவை வாசித்தார். பத்திரமாக மடித்தார்.

"அந்த ரப்பர் விஷயம் அண்ணைக்கே உங்களுக்குத் தெரியும்லா அக்கா? ஏன் சாரிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்க ஜோலி போவும். எனக்கு இனி அந்த ஜோலி வேண்டாமே."

நான் தயாரித்துக்கொண்டு போனதை எல்லாம் சொன்னேன். பொய் சொன்னீர்கள் என்று சொன்னது தப்பு, மாமியார் முன்னால் சொன்னது தப்பு, சார் கேட்டபோது பேசாமல் இருந்தது தப்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அதொக்க போவட்டும். நாலு நாளு ஒரு காரியம் நடக்காட்டா யாருக்கும் கோவம் வரும். எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான் பிள்ளே. அண்ணைக்கு ரெண்டு பஸ்ஸிலயும் உனக்கு சீட்டு கிட்டிச்சு. நீ இருந்தே. நான் கம்பியப் பிடிச்சிட்டு நிண்ணேன். எனக்கு ஒரு சீட்டு கேட்டிருக்கலாம் நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பஸ் பயணத்தில் அவர் நின்றாரா, உட்கார்ந்தாரா என்பதே எனக்கு நினைவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சாரிடம் போய் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமியார் கட்டன்சாயா கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் முந்திரித் தொழிற்சாலை அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார்கள். குடையைக் கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளைப் பார்த்துப் பார்த்து ஏறி வந்தார்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. என் முன்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்கள்.

"நீயா மக்களே அண்ணைக்கு என்ன சத்தம் போட்டது? சத்தத்தக் கேட்டுட்டு தடிச்ச ஒரு பொம்பளண்ணுல்லா நெனச்சேன். நீ இத்தினி போல கொச்சுப் பிள்ளையா!"

சொல்லிவிட்டு அவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் முகம் சுட்டது.

இது நடந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. வேலை மாறி, ஊர் மாறி, எத்தனையோ கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டேன். எத்தனையோ பேரோடு கோபப்பட்டும் இருக்கிறேன், மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகு, "வேற ஏதாவது உண்டா?" என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டுவிடுகிறேன். நான் செய்ததாக எனக்குத் தெரிந்த தப்பு ஒன்றாகவும், எதிரே இருப்பவருக்கு வலித்த இடம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.